யானைக்கு முன்னால் நின்றவள்

எங்கள் இருவரையும் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்காத ஆள் அந்தப் பயிற்சி முகாமில் ஒருவர்கூட இல்லை. முகத்தில் எந்த ஒற்றுமையும் கிடையாது. நான் திருச்சிக்காரி. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினேழு வயதில் பெற்றோருடன் ஆக்லாந்து வந்து சேர்ந்தவள். ஆனால் ஒரே காக்கிச் சட்டை, ஒரே அகலத் தொப்பி, கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே நிறம். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், இருபது வயதுக்காரர்கள் நிறைந்த ஒரு முகாமில், முப்பத்தைந்தைத் தாண்டிய இரண்டு தமிழ்ப் பெண்கள் வேறெப்படித் தெரிவார்கள்? ஆரம்பத்தில் மறுத்துக்கொண்டிருந்தோம். பிறகு, ஆமாம், அக்கா தங்கைதான் என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

அவளை ஆக்லாந்திலேயே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு மேற்கே உள்ள மலைக்காடுகளில் நடக்கப் போகும் ஒரு குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அவள் ஒரு மருந்துக்கடையில். அந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தது அவள்தான். ஒரு வருடம் ஆப்பிரிக்கக் காட்டில் தங்கிப் படிக்க வேண்டும். தேறினால் சுற்றுலாப் பயணிகளை வண்டியிலும் நடந்தும் காட்டுக்குள் அழைத்துப் போகும் வழிகாட்டியாகலாம். “நான் போறன். நீரும் வாரும்” என்றாள், சந்தைக்குக் கூப்பிடுவதைப் போல. மூன்று மாதம் யோசித்தேன். பிறகு வேலையை விட்டேன்.

மகளின் பள்ளிக்காகவே ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் வாடகைக்கு இருக்கும் என் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திருச்சியில் இருக்கும் அம்மாவிடம், படிப்பு முடிந்ததும் ஏதாவதொரு லாட்ஜில் வேலை கிடைக்கும் என்று போனில் சொன்னேன். காட்டுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு அங்கே அதுதான் பெயர். அம்மாவுக்கு லாட்ஜ் என்றால் மத்தியப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருப்பவைதான். “லாட்ஜ்லயா?” என்று மட்டும் கேட்டார்.

பயிற்சி நான் நினைத்ததைப் போல இல்லை. விடியும்போதே திறந்த வண்டியில் கிளம்புவோம். வெயில் ஏறியதும் திரும்பி வந்து நண்பகல் முழுக்க மரத்தடியில் படிப்பு. மரத்தைப் பட்டையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். பறவையைக் காதால் சொல்ல வேண்டும். சாணத்தை உடைத்துப் பார்த்து எந்த விலங்கு, எப்போது போனது என்று சொல்ல வேண்டும். இவையெல்லாம் எனக்கு வந்தன. வராதது துப்பாக்கிதான். கனமான ரைஃபிள், சுட்டதும் தோளில் உதைக்கும். முதல் வாரத்திலேயே என் வலது தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதாகப் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஆக்லாந்துக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் போய் சமையலறையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, துணியில் சுற்றித் தோளில் வைத்தாள். அடுத்த ஒரு மாதம், மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்த மதியங்களில், குண்டில்லாத துப்பாக்கியை என் கையில் கொடுத்துத் தூக்கு, குறி பார், இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அவளுடைய படிப்பு நேரமும்தான். துப்பாக்கித் தேர்வில் நான் தேறியது அவளால். இதை இப்போதும் சொல்வேன். பின்னால் நடந்த எதுவும் இதை அழித்துவிடவில்லை. அழித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஒரே விடுதியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எனக்கு மரங்கள் அவளைவிட நன்றாகத் தெரியும். ஆனால் விருந்தினரைப் பேச்சால் கட்டிப்போடுவது அவள்தான். மறு வருடமும் வருகிறவர்கள் அவள் வேண்டும் என்று கேட்டு எழுதுவார்கள். அதனால் நடைப் பயணங்களில் அவள் தலைமை வழிகாட்டி, நான் துணை.

நடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தலைமை வழிகாட்டி, துப்பாக்கியோடு. அடுத்து துணை வழிகாட்டி, அவரும் துப்பாக்கியோடு. அவர்களுக்குப் பின்னால் விருந்தினர், ஒற்றை வரிசையில். விலங்கு பாய்ந்து வந்தால் தலைமை வழிகாட்டி அதன் எதிரில் நிற்க வேண்டும். துணை வழிகாட்டி விருந்தினரைப் பின்னால் நகர்த்தி மரத்தின் மறைவுக்கோ கரையான் புற்றின் மறைவுக்கோ கொண்டுபோக வேண்டும். யாரும் ஓடக் கூடாது. ஓடுவதைத்தான் விலங்கு துரத்தும்.

அது மழையில்லாத காலம். காலை ஒன்பது மணி இருக்கும். ஐரோப்பாவிலிருந்து சேர்ந்து வந்த வயதான இரண்டு தம்பதிகளை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். யானையை நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஆற்றின் அக்கரையில் ஒரு கூட்டம் தெரிந்தது. குட்டிகளும் இருந்தன. குட்டிகள் உள்ள கூட்டத்தை நடந்து நெருங்கக் கூடாது என்பது விடுதி மேலாளரின் நிலையான உத்தரவு. அவள் ஆற்று மணலில் இறங்கினாள்.

என்னிடம் சாம்பல் பை இருந்தது. சின்னத் துணி முடிச்சு, அதை உதறினால் பறக்கும் சாம்பலை வைத்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்வோம். முதல் தடவை உதறியபோது சாம்பல் எங்கள் பக்கம் வந்தது. இரண்டாம் தடவை யானைகள் பக்கம் போனது, எங்கள் வாடையும் இனி அங்கே போகும். அவள் முதுகைத் தொட்டு, “காத்து மாறுது. திரும்பிடலாம்” என்றேன்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள்.

கூட்டத்திலிருந்த பெரிய பெண் யானை தும்பிக்கையை உயர்த்தியது. அடுத்த கணம் வந்துகொண்டிருந்தது. பிளிறவில்லை. புதர் ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு நன்றாக நினைவிருப்பது யானை அல்ல. அவள் திரும்பினாள், என்னைக் கடந்து போனாள். போகும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் யாருமில்லை.

நான் நின்றதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். கால் நகரவில்லை, அவ்வளவுதான். துப்பாக்கியைத் தூக்கினேன், அந்த மதியங்களில் பழகியதைப் போலவே. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த எந்த வார்த்தையும் வாயில் வரவில்லை. “நில்லு, நில்லு, போ” என்று தமிழில் கத்தினேன். யானை ஏழெட்டு அடி தூரத்தில் நின்றது. அது கிளப்பிய புழுதி என் முகத்தில் வந்து அடித்தது. தலையை உலுக்கிவிட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் திரும்பிப் போய்விட்டது. நான் சுடவில்லை. திரும்பிப் பார்த்தபோது விருந்தினரில் ஒரு பெண்மணி மணலில் விழுந்து கிடந்தார். மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. அவள் முப்பது நாற்பது எட்டுத் தள்ளி, ஒரு புற்றுக்குப் பின்னால் இருந்தாள்.

பிறகு அவள் எழுந்து வந்து அந்தப் பெண்மணியின் கைக்கு அழகாகக் கட்டுப் போட்டாள். வண்டியை வரவழைத்தாள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். விடுதிக்குத் திரும்பியதும் சாமான் அறையின் பின்பக்கம் என்னை இழுத்துப் போய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஓடிட்டன். என்ர கால் தன்ரபாட்டில போட்டுது. இது வெளியில தெரிஞ்சா என்ர கதை முடிஞ்சுது. நீர் ஒருத்தருக்கும் சொல்லாதேயும்.”

அன்றே அறிக்கை எழுத வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவள்தான் எழுதினாள். தலைமை வழிகாட்டி யானையின் எதிரில் நின்றார், துணை வழிகாட்டி விருந்தினரைப் பின்னால் கொண்டுபோனார் என்று, விதிப் புத்தகத்தில் உள்ளபடியே. படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். ஐஸ் கட்டிய துணி அப்போது நினைவுக்கு வந்தது. பொய் சொல்கிறோம் என்பது தெரியும். ஆனால் அது யாரையும் பாதிக்காத பொய் என்று நினைத்தேன். யானை திரும்பிப் போய்விட்டது, நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இனி யாருக்கு என்ன?

பத்து நாள் கழித்து விருந்தினரிடமிருந்து கடிதம் வந்தது. தங்களுக்கு முன்னால் நின்ற வழிகாட்டிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இரண்டு இந்தியப் பெண்களில் ஒருத்தி தங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் என்றும் எழுதியிருந்தார்கள். எந்தப் பெண் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அறிக்கை இருந்ததே. மேலாளர் என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நின்றது அவள் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அப்படியானால் ஓடியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் இருவரும் பொய்யறிக்கை கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். அவளைக் கேட்டீர்களா என்றேன். கேட்டுவிட்டேன் என்றார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். உன்னால் முடிந்ததை நீ செய்தாய் என்று சொன்னாள் என்றார். அதை அன்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை என்று.

மறுநாள் காலை என்னை அனுப்பிவிட்டார்கள். வண்டி பக்கத்தில் நின்று அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். அவை கேக்கேல்லை” என்றாள். நானும் அழுதேன். அவளுக்காகவும் சேர்த்து அழுதேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆக்லாந்து திரும்பி, அதே ஆய்வகத்தில் முன்பு பார்த்ததைவிடக் கீழான வேலையில் சேர்ந்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மர வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. ரயிலில் நகரத்துக்குப் போய்வருவேன். கேட்டவர்களிடம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றேன். விசித்திரம் என்னவென்றால், உண்மையிலேயே ஓடியவளைப் போல எனக்கு வெட்கமாக இருந்தது. சில நாட்கள் எனக்கே சந்தேகம் வரும்.

நகரத்தின் தெற்கே பாபடோயிட்டோயில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாதம் இரண்டு முறையாவது நான் போய்ப் பார்ப்பேன். கண்ணில் புரை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும், ஒரு வாரம் வேலை முடிந்து போய்ச் சொட்டு மருந்து விட்டதும் நான்தான். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அவள் காட்டிலிருந்து படங்கள் அனுப்புவாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி என்று எழுதுவாள். இரண்டு வருடம் இப்படிப் போனது.

போன வருடம் அவள் விடுமுறையில் வந்தாள். பாபடோயிட்டோயில் ஒரு கடையில் உட்கார்ந்து இருவரும் தோசை சாப்பிட்டோம். நிறையப் பேசினோம். இங்குள்ள பள்ளிகளில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எப்சமில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. அத்தை என்பதைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு இங்கிலீஷ்தான். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வழிகாட்டி பள்ளிக்கு வந்து பேசினார் என்று ஆரம்பித்தாள். பாய்ந்து வந்த யானையின் முன்னால் தனியாக நின்றாராம். தாய்மொழியில் கத்தினாராம், யானை நின்றுவிட்டதாம். கூட வந்த இன்னொரு வழிகாட்டி விருந்தினரை விட்டுவிட்டு ஓடிவிட்டாராம். ஒருத்தர் அப்படிச் செய்வாரா என்று கேட்டுவிட்டு, “அத்தை, நீங்களும் அந்த ஏரியாலதானே இருந்தீங்க, அது யாருன்னு தெரியுமா?” என்கிற மாதிரி ஏதோ கேட்டாள்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். என் தோழியும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம் என்பது அவருக்குத் தெரியும். அண்ணி ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். தமிழில் கத்தியதைக்கூட எடுத்துக்கொண்டாளே என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. ஓடியவள் என்ற பட்டத்தை என் தலையில் கட்டியதைவிட, அந்த இரண்டு வார்த்தையை அவள் எடுத்துக்கொண்டது அதிகம் வலித்தது. புற்றுக்குப் பின்னாலிருந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் பாபடோயிட்டோய் போனேன். அவள் பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

“எப்சம் ஸ்கூல்ல பேசினியே, எங்க அண்ணன் பொண்ணு அங்கதான் படிக்கிறா” என்றேன்.

கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு, “நான் பேர் சொல்லேல்லையே” என்றாள்.

மேலாளரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள். நான் நகரவில்லை.

“அவர் கேட்டவர், மற்றவதானே ஓடினது எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை.” துணியைக் கொடியில் போட்டுவிட்டு, “பிறகு தலையாட்டினன்” என்றாள்.

“என்னைக் கட்டிப்புடிச்சு அழுதியே.”

“அழுதது பொய்யில்லை.”

பிறகு அவளாகவே இன்னொன்று சொன்னாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாளோ என்னவோ. விடுதியில் தடம் பார்க்கும் ஒருவர் இருந்தார், அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். யானை வந்த அன்று பிற்பகலே அவர் ஆற்றுக்குப் போய் மணலைப் பார்த்திருக்கிறார். எந்தக் காலணித் தடம் நின்றது, எந்தத் தடம் ஓடியது என்று மேலாளரிடம் வந்து சொல்லியும் இருக்கிறார். மேலாளருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும்.

“அவரே எனக்குப் பிறகு சொன்னவர். ஆக்கள் என்னைத்தான் கேட்டு வருகினம் எண்டு. நீர் கையெழுத்தும் போட்டிட்டீர், ஒரு கரைச்சலும் இல்லாமல் முடிஞ்சிடும் எண்டு.”

என்னை எதிரில் உட்கார வைத்து, காகிதத்தைத் திருப்பி வைத்து, ஓடியது யார் என்று கேட்டவர் அவர். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை நான் வெறுத்தது ஒரு விதம். அவரை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

“பிள்ளை, தேத்தண்ணி ஆறுது, உள்ளுக்கு வாங்கோ” என்று அவள் அம்மா கூப்பிட்டார். போய் உட்கார்ந்து குடித்தேன். அவரிடம் என்ன சொல்ல முடியும்? தட்டில் வைத்த வடையையும் சாப்பிட்டேன். வாசல்வரை வந்த அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். விடுதிக்கு எழுத வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், என் அண்ணன் மகளிடம் மட்டும் வந்து நடந்ததைச் சொல். ஓம் என்றாள். மறு ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னாள்.

அண்ணி அன்றைக்குப் பிரியாணி செய்திருந்தார். இரண்டு மணிவரை காத்திருந்தோம். பிறகு செய்தி வந்தது. விமானத்தை முன்கூட்டியே மாற்ற வேண்டியதாகிவிட்டது, விமான நிலையத்தில் இருக்கிறேன், மன்னித்துக்கொள்ளும்.

ஆகவே நானே சொன்னேன். அண்ணன் மகள் நடுவில் பேசாமல் கேட்டாள். முடிந்ததும், அப்படியானால் நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்றாள். அவள் என் தோழி, கேட்டாள், அதனால் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. நீங்களும் பொய்தானே சொன்னீர்கள் என்றாள். ஆசிரியரிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று தடுத்தபோது என்மேல்தான் கோபம் வந்தது. சில வாரம் என்னிடம் ஒட்டாமலே இருந்தாள். அண்ணன் அவளைக் கண்டிக்கப் போனார், விடுங்கள் என்றேன். அவள் கேட்டதில் பிழையில்லை.

தோழியின் அம்மா இரண்டு மூன்று முறை போன் செய்தார். ஏன் பிள்ளை இந்தப் பக்கம் வாறேல்லை என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். அந்தப் பொய்யைச் சொல்வது சிரமமாக இருந்தது. பிறகு போன் வருவது நின்றது. என்னைப் பொறுத்தவரையில் இந்த விஷயத்தில் நான் உண்மையாகவே இழந்த ஆள் அவர்தான் என்று சில சமயம் தோன்றும்.

குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, அந்தக் காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். நான் பொய்க் கையெழுத்துப் போட்டதை முதல் வரியிலேயே எழுதினேன். ஒரு பிரதியை மேலாளருக்கும், இன்னொன்றை எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்புக்கும் அனுப்பினேன். மேலாளரிடமிருந்து பதில் இல்லை. அமைப்பு விசாரித்தது. அவள் பழைய அறிக்கையில் உள்ளதுதான் நடந்தது என்று சொல்லிவிட்டாள். தடம் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லையாம். முடிவில், பொய்யறிக்கையில் கையெழுத்திட்டதாக நானே ஒப்புக்கொண்டதால், என் சான்றிதழை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள்மேல் ஆதாரம் எதுவுமில்லை. அவள் இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

அமைப்பு இந்த முடிவை எழுதி அனுப்பிய கடிதத்தை ரயிலில் படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் அழுகை வந்தது.

அந்த ஒரு வருடம் வரும் கோடையில் முடிகிறது. மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாயா என்று அண்ணன் கேட்டார். இந்த வேலையைப் பற்றி அவராக என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறொரு நாட்டில், சின்ன முகாம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். முந்தைய பணியிடத்தை விட்டதற்கான காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு வரி எழுத இடம். மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டேன்.